நார்த்தங்காயும் அதோட காட்டுச் சொந்தக்காரங்களும்

போன வாரம் அம்மா ஊர்ல இருந்து ஒரு பார்சல் அனுப்பியிருந்தாங்க. பிரிச்சா, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய உப்பு நார்த்தங்காய். போன் பண்ணி "வந்துருச்சும்மா"ன்னு சொன்னா, சந்தோஷப்படறதுக்குப் பதிலா அம்மா சொன்னது: "கடையில வாங்குன காய்டா அது. நம்ம மரத்து ருசி வராது."

நம்ம மரம்னு அம்மா சொன்னது, ஆச்சி வீட்டுப் புறவாசல்ல கிணத்துக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவுல நின்ன மரம். பந்து எடுக்கப் போனா முள்ளு கிழிக்காம விடாது. மோருக்கு இலை வேணும்னா ஆச்சிதான் பறிக்கணும், வேற யாரும் கை வைக்கக் கூடாது. காய் பெருத்ததும் சுருள் சுருளா நறுக்கி, நடுவுல கல்லுப்பு அடைச்சு, மொட்டை மாடியில காயப் போடுவா. காக்கா விரட்டுற வேலை எனக்கு. கூலி, அரைகுறையா ஊறின ஒரு சுருள்.

ஆச்சி போனதுக்கு அப்புறம் வீட்டை இடிச்சுக் கட்டினோம். சுத்துச்சுவர் எழுப்ப மரம் இடைஞ்சலா இருந்துச்சு. ரெண்டு ஆள், அரை நாள் வேலை. வெட்டச் சொன்னவங்கள்ல நானும் ஒருத்தன். ஒரு ஒட்டு கட்டி வைக்கணும்னோ, நாலு விதையாவது எடுத்து வைக்கணும்னோ எங்க யாருக்கும் தோணலை.

சரி, விஷயத்துக்கு வர்றேன். பாட்டிலைப் பார்த்துட்டு என் பொண்ணு கேட்டா, "அப்பா, நார்த்தங்காய்க்கு இங்கிலீஷ்ல என்ன?" சுலபமான கேள்விதானேன்னு தேட உட்கார்ந்தேன். மூணு ராத்திரி போச்சு!

ஒரு பேரு, பல மரம்

சமையல் புத்தகத்துல எல்லாம் நார்த்தங்காய்னா "சிட்ரான்"னு போட்டிருக்கு. தாவரவியல்காரங்க சிட்ரான்னு சொல்றது சிட்ரஸ் மெடிகா. தோல் விரல் தடிமனுக்கு இருக்கும், உள்ள சாறு கொஞ்சம்தான். அதுக்கு நம்ம சித்த வைத்தியத்துல கொம்மட்டி மாதுளைன்னு பேரு, சமஸ்கிருதத்துல மாதுலுங்கம். கோலாப்பூர் மகாலட்சுமி கையில வச்சிருக்கறது இந்தப் பழம்தான். ஆச்சி வீட்டுக் காய் அந்த மாதிரி இல்லை, பிழிஞ்சா சாறு கொட்டும். வேற சில புத்தகத்துல நாரத்தைன்னா புளிப்பு ஆரஞ்சுன்னு இருக்கு. கடாரங்காயைக் கேட்டா கடைக்காரர் ஒண்ணு சொல்றார், பக்கத்து வீட்டுக்காரம்மா ஒண்ணு சொல்றாங்க.

படிச்சவங்க மட்டும் என்ன வாழுதாம்? அமெரிக்காவோட வால்டர் ஸ்விங்கிள் 1943ல இந்த சிட்ரஸ் இனத்துல மொத்தமே 16 வகைதான்னு கணக்கு சொன்னார். ஜப்பானோட டனாகா 150க்கும் மேலன்னார். ரெண்டு பேரும் வாழ்க்கை பூரா இதே வேலையா இருந்தவங்க!

இவ்வளவு வித்தியாசம் வரக் காரணம் இருக்கு. இந்தக் குடும்பத்துல யாரும் யாரோடயும் கலப்பாங்க. பக்கத்துப் பக்கத்துல நட்டா தேனீ கல்யாணம் பண்ணி வச்சுரும். அப்படிப் பிறந்த குழந்தை ஒரு தலைமுறையோட காணாமப் போகாதது அடுத்த விசேஷம். ஆரஞ்சு, எலுமிச்சை விதைகள்ல மகரந்தம் சேர்ந்து உண்டான கரு ஒண்ணு இருந்தா, தாய் மரத்தோட திசுவுல இருந்தே முளைச்ச நகல் கருவும் கூடவே இருக்கும். பெரும்பாலும் அந்த நகல்தான் ஜெயிக்கும். விதை போட்டாலும் அம்மாவோட ஜெராக்ஸ் காப்பிதான் வரும். எங்கயோ ஒரு தோட்டத்துல தற்செயலாப் பிறந்த ஒரு கலப்பு, ஆயிரம் வருஷம் அப்படியே ஓடி வர்றது இப்படித்தான்.

யார் அப்பா, யார் அம்மா?

இந்தக் குழப்பத்தை மரபணு ஆராய்ச்சிதான் அவிழ்த்துச்சு. 2018ல நேச்சர் இதழ்ல வந்த கட்டுரையில 60 வகை சிட்ரஸ் மரங்களோட முழு மரபணுத் தொகுப்பையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்காங்க. அசல் காட்டு இனங்களா 10 பேரைப் பிரிச்சுக் காட்டியிருக்காங்க. அதுல நம்ம சமையலறைக்கு வேண்டியவங்க முக்கியமா நாலு பேர்: கொம்மட்டி மாதுளைங்கிற சிட்ரான், பம்பளிமாஸ், கமலா ஆரஞ்சுக்கு மூலமான மாண்டரின், அப்புறம் பிலிப்பைன்ஸ் தீவுகள்ல இருக்கிற மைக்ராந்தான்னு ஒரு காட்டுக் காய்.

இப்போ குடும்ப அட்டையைப் படிங்க:

- பம்பளிமாஸ் அம்மா, மாண்டரின் அப்பா: புளிப்பு ஆரஞ்சு.
- அந்தப் புளிப்பு ஆரஞ்சு அம்மா, சிட்ரான் அப்பா: மஞ்சள் லெமன், வெளிநாட்டுப் படத்துல டீயில மிதக்குமே அது.
- மைக்ராந்தா அம்மா, சிட்ரான் அப்பா: நம்ம எலுமிச்சை!
- பம்பளிமாஸும் மாண்டரினும் பல முறை கலந்தது: சாத்துக்குடி உட்பட எல்லா இனிப்பு ஆரஞ்சும்.
- இனிப்பு ஆரஞ்சும் பம்பளிமாஸும் கலந்தது: கிரேப்ஃப்ரூட். இது பிறந்தது 18ஆம் நூற்றாண்டுல, கரீபியன் பகுதியில பார்படாஸ் தீவுல.

சிட்ரான் எப்பவும் அப்பாதான், அம்மாவா இருந்த கதையே கிடையாது. புளியங்குடி சந்தையில மூட்டை மூட்டையா ஏலம் போற எலுமிச்சை, லாரி முன்னாடி மிளகாயோட தொங்குற எலுமிச்சை, புது வண்டிச் சக்கரத்துக்கு அடியில நசுங்குற எலுமிச்சை, அத்தனையும் ஒரு கலப்புத் திருமணத்து வாரிசு. அப்பா இமயமலை அடிவாரத்துக்காரர், அம்மா பிலிப்பைன்ஸ் தீவுக்காரி. தூய ரத்தம் பேசுறவங்க அடுத்த தடவை எலுமிச்சை சாதம் சாப்பிடும்போது யோசிக்கலாம் :-)

நாம லெமனுக்கும் எலுமிச்சைக்கும் ஒரே பேரு சொல்றோம். வெள்ளைக்காரனும் அந்தத் தப்பைப் பண்ணி உயிரைக் கொடுத்திருக்கான். 1747ல ஜேம்ஸ் லிண்டுங்கிற கப்பல் டாக்டர், ஸ்கர்வி வந்த 12 மாலுமிகளை ரெண்டு ரெண்டு பேராப் பிரிச்சு ஆளுக்கொரு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் லெமனும் தின்ன ரெண்டு பேர் சீக்கிரம் தேறினாங்க. 1795ல இருந்து பிரிட்டிஷ் கப்பற்படையில லெமன் சாறு கட்டாயம் ஆச்சு. 1860கள்ல தங்களோட மேற்கிந்தியத் தீவுத் தோட்டத்து எலுமிச்சை மலிவாக் கிடைக்குதேன்னு அதுக்கு மாறினாங்க. ரெண்டும் ஒண்ணுதானேன்னு நினைப்பு. அதுல வைட்டமின் சி கம்மி, பதப்படுத்தும்போது இன்னும் கம்மியாகும். 1875ல நேர்ஸ் தலைமையில வடதுருவம் போன குழு, எலுமிச்சைச் சாறு கையில இருந்தும் ஸ்கர்வியில விழுந்துச்சு.

உலகம் சுத்தி வந்த நம்ம வார்த்தை

ஆரஞ்சுக்குத் தமிழ்ல என்னன்னு யாராவது கேட்டா, "அந்தப் பேரே நம்ம பக்கத்துதான்யா"ன்னு சொல்லலாம். தமிழ்ல நாரத்தை, நாரங்கம். மலையாளத்துல நாரகம், நாரங்ங. சமஸ்கிருத நாரங்கம் திராவிட மொழிகள்ல இருந்து போன சொல்லா இருக்கணும்னு மொழியியல் அறிஞர்கள் பலர் சொல்றாங்க. மணக்கறதுங்கிற பொருள்ல வர்ற "நாறு"தான் வேர்னு சொல்றவங்களும் உண்டு. (இப்ப நாறுதுன்னா மூக்கைப் பொத்திக்கறோம், அது வேற கதை.) குறிஞ்சிப்பாட்டோட பூப்பட்டியல்ல நரந்தம்னு ஒண்ணு வருது. நாரத்தம்பூன்னும் பொருள் சொல்றாங்க. சங்க இலக்கியத்துல மத்த இடங்கள்ல வர்ற நரந்தத்துக்கு வாசனைப் புல்லுன்னும் கஸ்தூரின்னும் பொருள் இருக்கு. அதனால "ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே"ன்னு மார்தட்ட நான் தயாரில்லை.

சொல்லும் பழமும் எப்படிப் போச்சுங்கறது தெளிவாவே இருக்கு. பாரசீகத்துல நாரங், அரபியில நாரஞ்ச். அரபுகளோட புளிப்பு ஆரஞ்சு ஸ்பெயினுக்குப் போச்சு, அங்கே நரஞ்சா. இத்தாலியிலயும் பிரான்சுலயும் முன்னாடி வர்ற "உன்"னோட ஒட்டி "ந" உதிர்ந்து போய் அரஞ்சா, ஒராஞ்ஜ். பிரெஞ்சுல "ஓர்"னா தங்கம், அந்த நினைப்பும் ஒட்டிக்கிச்சு. அங்கிருந்து இங்கிலீஷுக்குப் போய், கப்பலேறி, "ஆரஞ்சு"ன்னு திரும்ப நம்மகிட்டயே வந்துச்சு. வீட்டை விட்டு ஓடிப்போன பையன் கோட்டு சூட்டோட திரும்பி வந்தா அடையாளம் தெரியாதில்லையா, அந்த மாதிரி.

இந்தப் பயணத்துல முதல்ல கிளம்பினவர் அப்பா சிட்ரான்தான். ஜெருசலேம் பக்கத்துல ராமத் ராஹேல்னு பாரசீகர் காலத்து அரண்மனைத் தோட்டம் ஒண்ணு இருக்கு. அங்கே சுவர்ப் பூச்சுல மாட்டிக்கிட்டு இருந்த மகரந்தத்தைச் சோதிச்சு, கி.மு. 5-4ஆம் நூற்றாண்டுலயே அங்க சிட்ரான் மரம் இருந்ததைக் கண்டுபிடிச்சிருக்காங்க. யூதர்களோட கூடாரப் பண்டிகையில கையில பிடிக்கிற எத்ரோக் பழம் இதுதான். கி.மு. 300ஐ ஒட்டி கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் இதை மீடியா நாட்டு ஆப்பிள்னு எழுதினார். மெடிகான்னு பேரு வந்தது அந்த மீடியாவால, மெடிக்கல் ஷாப்புக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. இனிப்பு ஆரஞ்சு ரொம்பப் பின்னாடி, 15-16ஆம் நூற்றாண்டுல ஐரோப்பாவுல பரவுச்சு. அதுல போர்ச்சுகீசியர் பங்கு பெருசுங்கறதால துருக்கியில போர்தகால், அரபியில புர்துகால்னு அந்த நாட்டுப் பேரே பழத்துக்கு. நம்ம பம்பளிமாஸ் டச்சுக்காரன் பேச்சுல இருந்து வந்தது. வங்காளத்துல அதுவே பாதாபி லேபு, பழைய பத்தாவியா நினைவா. இன்னிக்கு ஜகார்த்தா.

பேயோட பழம்

சரி, பிறந்த ஊரு எது? அதே 2018 கட்டுரை சொல்றது: அசாமோட கிழக்கு, வட பர்மா, சீனாவோட யுனான் மேற்கு, இதுங்க சேர்ற இமயமலையோட தென்கிழக்கு அடிவாரம். சுமார் 80 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி. பருவமழை மெலிஞ்சு பூமி காய ஆரம்பிச்சப்போ அங்கிருந்து நாலாபக்கமும் பரவி, போன போன இடத்துல தனித்தனி இனமாச்சாம். யுனான்ல லின்சாங் பக்கம் அதே காலத்து இலைப் புதைபடிவமும் கிடைச்சிருக்கு.

நம்ம வடகிழக்குல இன்னிக்கும் காட்டு சிட்ரஸ் உண்டு. மேகாலயாவோட காரோ மலையில, துரா ஊருக்குப் பக்கத்துல நோக்ரெக்னு ஒரு மலை. அங்க இருக்கிறது சிட்ரஸ் இண்டிகா, இந்தியக் காட்டு ஆரஞ்சு. டனாகா வச்ச பேரு. காரோ மக்கள் இதை "மேமாங் நாரங்"னு சொல்றாங்க. மேமாங்னா செத்தவங்க ஆவி, பேய். நாரங் என்னன்னு இப்ப உங்களுக்கே தெரியும்! இறந்தவங்க உடம்பு மேல இந்தப் பழத்தை வைக்கிற வழக்கம் உண்டாம். அதனால பேய்ப்பழம்.

இந்தக் காட்டு ஆரஞ்சுக்காகவே 1980கள்ல நோக்ரெக்ல சிட்ரஸ் மரபணுச் சரணாலயம் அமைச்சாங்க. புலிக்கு சரணாலயம் கேள்விப்பட்டிருக்கோம், யானைக்குக் கேள்விப்பட்டிருக்கோம். எலுமிச்சை வகையறாவுக்கு ஒண்ணு இருக்குன்னு எனக்கு இந்த மூணு ராத்திரிக்கு முன்னாடி தெரியாது. 1988ல நோக்ரெக் உயிர்க்கோளக் காப்பகம் ஆச்சு, 2009ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துச்சு. ஆனா சுத்தி நெருக்கடிதான். காட்டை வெட்டி எரிச்சுப் பயிர் பண்ற ஜூம் சாகுபடியில, முன்னாடி நிலத்தை நிறைய வருஷம் சும்மா விடுவாங்க, காடு திரும்ப வளரும். இப்போ அந்த இடைவெளி சுருங்கிருச்சு. பாக்கு, முந்திரித் தோட்டம் பெருகிருச்சு.

அவங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவங்க வயித்துக்கு வெட்டுறாங்க. நாங்க சுத்துச்சுவருக்கு வெட்டினோம்.

காட்டுக்காரன் இல்லேன்னா என்ன ஆகும்?

"தின்ன முடியாத புளிப்புப் பழம், போனா போகுது"ன்னு சொல்லலாம். அதுக்குத்தான் ரெண்டு கதை.

தோட்டத்து ஆரஞ்சு எல்லாம் நகல்னு சொன்னேன்ல? ஒரு உதாரணம். கலிஃபோர்னியாவுல ரிவர்சைடுன்னு ஒரு ஊர். பிரேசில்ல இருந்து வந்த விதையில்லா நாவல் ஆரஞ்சுக் கன்னு ரெண்டை எலைசா டிபெட்ஸ்ங்கிற அம்மா 1873ல அங்க நட்டாங்க. கலிஃபோர்னியாவோட நாவல் ஆரஞ்சுத் தோட்டமெல்லாம் அதுல இருந்து எடுத்த ஒட்டுதான். அந்த ரெண்டுல ஒரு மரம் இன்னும் உயிரோட இருக்கு. லட்சக்கணக்கான மரம், ஆனா உள்ள ஒரே ஆள். ஒரு நோய் ஒண்ணைச் சாய்ச்சா, அத்தனையும் சாயும்.

முதல் கதை பிரேசில். அங்க ஆரஞ்சை எல்லாம் புளிப்பு ஆரஞ்சு வேர் மேல ஒட்டுக் கட்டி வளர்த்தாங்க. 1930கள்ல டிரிஸ்டெசான்னு ஒரு வைரஸ் வந்துச்சு. போர்ச்சுகீசிய மொழியில துக்கம்னு அர்த்தம். ஒட்டும் வேரும் சேர்ற இடத்துல நரம்பை அடைச்சு, லட்சக்கணக்கான மரங்களைக் காய வச்சுருச்சு. அப்போ தாங்கிப் பிடிச்சது எது தெரியுமா? ரங்பூர் லைம். வங்கதேசத்து ரங்பூர் பேரைச் சுமக்கிற, மாண்டரினுக்கும் சிட்ரானுக்கும் பிறந்த ஒரு புளிப்புக் காய். யாரும் உரிச்சுத் தின்ன மாட்டாங்க. ஆனா அதோட வேர் மேல கட்டின ஆரஞ்சை டிரிஸ்டெசா அசைக்க முடியலை. சாவ் பாவ்லோவோட ஆரஞ்சுச் சாற்றுத் தொழிலே அந்த வேர் மேலதான் ரொம்ப காலம் நின்னுச்சு. நம்ம பஞ்சாப் கின்னோவுக்கு ஜம்பேரிங்கிற நாட்டு எலுமிச்சை வேர் கொடுக்குதே, அதுவும் இதே மாதிரி மாண்டரின்-சிட்ரான் கலப்புதான்.

ரெண்டாவது கதை இன்னும் முடியலை. சாறு உறிஞ்சும் ஒரு சின்னப் பூச்சி பரப்புற பாக்டீரியா நோய், பேரு கிரீனிங். சீனாவுல மஞ்சள் டிராகன் நோய்ம்பாங்க. இலை மஞ்சளிச்சு, காய் கோணலாகி, கசந்து, உதிர்ந்து, மரம் மெதுவாச் சாகும். மருந்து கிடையாது. பிரேசில்ல 2004லயும் ஃபுளோரிடாவுல 2005லயும் கண்டுபிடிச்சாங்க. இருபது வருஷத்துல ஃபுளோரிடாவோட ஆரஞ்சு விளைச்சல்ல பத்துல ஒரு பங்கு கூட மிச்சமில்லை. புயலும் சேர்ந்துக்கிச்சு, ஆனா முதுகெலும்பை முறிச்சது இந்தப் பூச்சிதான்.

இதுக்குப் பதில் தேடி விஞ்ஞானிங்க இப்ப போய் நிக்கிற இடம் ஆஸ்திரேலியாவோட காட்டு எலுமிச்சை. சுமார் 40 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி பிரிஞ்சு போன சித்தப்பா வம்சம். பாலைவனத்துல வளர்ற டெசர்ட் லைம், மழைக்காட்டுல வளர்ற ஃபிங்கர் லைம். ஃபிங்கர் லைம் விரல் நீளத்துக்கு இருக்கும், ஒடிச்சா உள்ள ஜவ்வரிசி மாதிரி முத்து முத்தா சாறு உதிரும். பூர்வகுடிகள் காலங்காலமாச் சாப்பிட்டது. வெள்ளைக்காரங்க வந்து காட்டை வெட்டி மேய்ச்சல் நிலம் ஆக்கினாங்க. 1990களுக்கு அப்புறம்தான் தோட்டப் பயிரா வளர்த்து, பெரிய ஓட்டல்களுக்கு விக்கிறாங்க. இந்தக் காட்டு வகைகள்ல சிலது கிரீனிங்கைத் தாங்குது. அதோட மரபணுவை ஆரஞ்சுக்குள்ள கொண்டு வர முடியுமான்னுதான் முயற்சி நடக்குது. எல்லா மரத்தையும் வெட்டி முடிச்சிருந்தா, இன்னிக்கு முயற்சி பண்ணக் கூட ஒண்ணும் இருந்திருக்காது.

நம்மூரு காட்டுச் சொந்தம்

நம்ம பக்கமும் உறவுக்காரங்க இருக்காங்க. மாணிக்கவாசகர் உபதேசம் பெற்றதாச் சொல்ற ஆவுடையார்கோயில் தலமரம் குருந்து. முள்ளும், வாசனையும், கோலிக்குண்டு அளவு எலுமிச்சை மாதிரிக் காயும் உள்ள மரம், ஆரஞ்சுக்கு ஒண்ணுவிட்ட சகோதரன். வில்வம், விளா, ஏன், கறிவேப்பிலை கூட இதே கிளைக்குடும்பம்தான். கோயில்ல இருக்கறதால குருந்துக்கும் வில்வத்துக்கும் ஒரு காவல் இருக்கு. புறவாசல் நார்த்தைக்கு ஆச்சி மட்டும்தான் காவல்.

பொண்ணோட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லலை. ஆச்சி மரம் சிட்ரானா, புளிப்பு ஆரஞ்சா, ரெண்டும் கலந்த வேற ஏதோ ஒண்ணா? ஒரு இலை இருந்தாக் கூட இன்னிக்குச் சோதிச்சுச் சொல்லிருவாங்க. இலை இல்லை. அந்த இடத்துல இப்ப அண்ணனோட கார் நிக்குது.

அம்மாகிட்ட கேட்டேன், அந்த மரம் எங்க இருந்து வந்துச்சுன்னு. "உங்க ஆச்சி கல்யாணமாகி வரும்போது அவங்க அம்மா வீட்டுல இருந்து விதை கொண்டு வந்து போட்டதுடா"ன்னாங்க. அந்த அம்மா வீட்டு ஊர் தென்காசிப் பக்கம். தாய் மரம் இன்னும் நிக்குதோ என்னவோ, இந்தப் பொங்கலுக்குப் போய்ப் பார்க்கறதா இருக்கேன். நின்னா, ஒட்டு கட்ட ஒரு ஆளையும் கூட்டிக்கிட்டுத்தான் போவேன்.

உங்க ஊர்ல நார்த்தங்காய், கடாரங்காய், கொழுஞ்சி, கிச்சிலின்னு எதை எதுக்குச் சொல்றீங்க? தோல் தடிமனா, சாறு உண்டா, இலைக்காம்புல சின்ன இறக்கை மாதிரி இருக்கான்னு பார்த்துச் சொன்னா இன்னும் நல்லது. புறவாசல்ல மரம் இன்னும் நிக்குதுன்னா, வீட்டை இடிக்கறதுக்கு முன்னாடி ஒரு ஒட்டு எடுத்து வச்சுக்குங்க.

கொசுறு: எலுமிச்சை இலைக்காம்பையும் நார்த்தை இலைக்காம்பையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. காம்புல ஒட்டியிருக்கற குட்டி இலை மாதிரியான இறக்கை பம்பளிமாஸுக்குப் பெருசா இருக்கும், சிட்ரானுக்கு இருக்கவே இருக்காது. பரிசோதனைக் கூடம் இல்லாமலே யார் எந்தப் பக்கத்துச் சொந்தம்னு ஓரளவு ஊகிச்சுரலாம் :-)